பஞ்சு மாமா நடுங்குகிறார்

காலையில் எழுந்தான். பாலை அடுப்பில் வைத்தான். பொங்கும்வரை பக்கத்திலேயே நின்றான். ரொட்டியில் வெண்ணெய் தடவி, ஓரங்களை வெட்டி, டப்பாவில் அடுக்கினான். மகள் வாண்டை எழுப்பினான். எழவில்லை. மறுபடி எழுப்பினான். பல் விளக்கி, முகம் கழுவி, சீருடை மாட்டிவிட்டான். ஒரு காலுறை கிடைத்தது, இன்னொன்றைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்தான். கண்ணாடிக்குக் கீழே இருந்த பலகையின் இடது ஓரத்தில் சீப்பு இருந்தது. எப்போதும் அங்கேதான் இருக்கும். எடுத்தான். மகளை முக்காலியில் உட்காரவைத்துப் பின்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான்.

இதுவரை ஒரு வம்பும் இல்லை. வம்பு இனிமேல்தான்.

"பஞ்சு மாமா," என்றாள் வாண்டு.

பஞ்சு மாமா ஒரு பூனை. பழைய சித்திரக்கதைப் புத்தகத்தில் இருக்கும் குண்டுப் பூனை. அவன் மனைவி சின்னப் பெண்ணாக இருந்த காலத்துப் புத்தகம் அது. அட்டை எப்போதோ போய்விட்டது. முதுகில் பழுப்பேறிய நாடா ஒட்டியிருந்தது. பூனை மெத்தை நாற்காலியில் படுத்துத் தூங்கும், தூக்கத்தில் கனவு காணும், பக்கத்துக்கு ஒரு கனவு. ஒன்றில் சிங்கத்துக்கு முடி வெட்டும். ஒன்றில் ரயில் ஓட்டும், கார்டு ஒரு நாய். ஒன்றில் வால் தொலைந்துபோய் வால் கடைக்குப் போகும். பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் நாற்காலியிலிருந்து தொப்பென்று விழுந்து முழித்துக்கொள்ளும். அவ்வளவுதான் சங்கதி. இதை எழுதியவருக்குச் சம்பளம் கொடுத்திருக்கிறார்கள் என்பதே அவனுக்கு ஆச்சரியம்.

மனைவி இருந்தவரை ஜடை பின்னும் நேரம்தான் பஞ்சு மாமா நேரம். வாண்டு மடியில் புத்தகத்தை விரித்துக்கொள்வாள். அம்மா பின்னாலிருந்து பின்னிக்கொண்டே சொல்வாள். அவன் அந்நேரம் குளியலறையில் இருப்பான். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே இரண்டு பேரும் சிரிப்பது மட்டும் கேட்கும்.

இப்போது பின்னுவதும் அவன், சொல்வதும் அவன். மகளின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் படித்தான்.

"'பஞ்சு மாமா கடைக்காரரை அணுகி, தமக்குப் பொருத்தமான வால் ஒன்று வேண்டுமெனப் பணிவுடன் கேட்டார்.'"

"அப்படி இல்ல."

"என்ன அப்படி இல்ல? அச்சுல அப்படித்தான் இருக்கு."

"'யோவ், என் வாலை எவன்யா வித்தான்?' அப்படின்னு கேப்பாரு."

"அது எங்க இருக்கு? காட்டு பாப்போம்."

வாண்டு பூனையின் வாயில் விரலை வைத்தாள். "இங்க."

அவன் மூச்சை இழுத்துவிட்டான். எட்டிப் பார்த்ததில் பின்னல் கைநழுவிப் பிரிந்துபோயிருந்தது. முதலிலிருந்து ஆரம்பித்தான். படிப்பையும் விடவில்லை.

"'கடைக்காரர் வருத்தத்துடன் தலையசைத்தார்.'"

"அப்படி இல்லப்பா! 'உன் வாலை எலி வாங்கிட்டுப் போயிருச்சு, தவணையில'ன்னு சொல்வாரு. உடனே மாமா நடுங்குவாரு. பாரு, நடுங்குறாரு."

அந்தக் கட்டத்தில் பூனையின் சிவப்பு நிறம் கறுப்புக் கோட்டைத் தாண்டி ஒரு பக்கமாக வழிந்திருந்தது. மீசை ஓரிடத்தில், முகம் ஓரிடத்தில். பார்த்தால் உதறுகிற மாதிரித்தான் இருந்தது. ஆனால் நிறம் என்று வந்துவிட்டால் அவனால் சும்மா இருக்க முடியாது. வேதியியல் படித்துவிட்டு பெயின்ட் கடையில் நிறம் சேர்க்கிறவன்.

"நடுங்கல. சிவப்பு மை தனியா அடிப்பாங்க, கறுப்பு மை தனியா அடிப்பாங்க. ரெண்டாவது தடவை தாள் நகர்ந்துபோச்சு. அது அச்சுக் கோளாறு."

"மாமாவுக்கு பயம்."

"அச்சுக் கோளாறுன்னா அச்சுக் கோளாறு!"

வாசலில் வேன் ஹாரன் அடித்தது. ஒரு ஜடை மேலேயும் ஒரு ஜடை கீழேயுமாக வாண்டு இறங்கிப் போனாள். கதவருகில் திரும்பி, "உனக்குப் படிக்கவே தெரியல," என்று சொல்லிவிட்டுப் போனாள். பட்டதாரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

சீப்பைப் பலகையின் இடது ஓரத்தில் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினான்.

கடையில் ஒரு பல் டாக்டர் காத்திருந்தார். தன் கிளினிக் சுவருக்கு அதே பழைய பச்சை வேண்டுமாம். அவன் கலந்து அட்டையில் தடவிக் காட்டினான்.

"இது இல்லப்பா."

கொஞ்சம் மஞ்சள் சேர்த்தான்.

"கிட்டக்கூட வரல."

"பழைய சுவர்லேர்ந்து ஒரு சில்லு கொண்டுவந்திருக்கலாமே சார்?"

"சுவரை இடிச்சாச்சே."

"அப்ப எதோட ஒப்பிட்டுப் பாக்கிறீங்க?"

டாக்டர் விரலால் தன் நெற்றியைத் தட்டிக் காட்டினார். அவனுக்கு டப்பாவை அப்படியே அவர் தலையில் கவிழ்த்தால் என்ன என்று இருந்தது. மறுபடி கலந்தான்.

மத்தியானம் போன் அடித்தது. மனைவியின் அக்கா. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிற நேரம் அவளுக்கு எப்படித்தான் தெரியுமோ, தினமும் சொல்லி வைத்த மாதிரி அடிப்பாள்.

"தம்பி, புள்ளைக்கு முடியை வெட்டிவிடுங்கன்னு சொன்னேனே, என்னாச்சு? நீங்க போடுற ஜடை எலி கடிச்ச கயிறு மாதிரி இருக்கு. போட்டோவுல பாத்தேன்."

"வேணாம்க்கா."

"ஏன் வேணாம்?"

"வேணாம்."

"உங்க வாயிலேர்ந்து ரெண்டு வார்த்தை சேந்தாப்ல வராதா? சரி, என் புத்தகத்தை எப்பத் தருவீங்க? அது எனக்குன்னு வாங்கினது தம்பி. கல்யாணம் ஆகிப் போறப்ப அவ பெட்டிக்குள்ள வச்சுத் தூக்கிட்டு வந்துட்டா, திருட்டுக் கழுதை."

அந்தப் பக்கம் குரல் கொஞ்சம் இறங்கியது. அடுத்தது என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும்.

"அன்னிக்குக் கிளம்பும்போது கடைசியா என்னதான் சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலக்கா."

அன்று காலை வேலைக்குக் கிளம்பிப் போனவள், மத்தியானம் அலுவலகப் படிக்கட்டில் சரிந்துவிட்டாள். தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு இவர்கள் எல்லாரும் ஓடினார்கள். அவள் கண் திறக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் ஒருவர் விடாமல் இதைத்தான் கேட்டார்கள். எல்லாருக்கும் அவன் ஒரே பதிலைச் சொன்னான். மற்றவர்கள் நம்பினார்கள். அக்கா மட்டும் விடவில்லை.

மறுநாள் காலை சிங்கத்துக்கு முடி வெட்டும் கனவு. அதிலும் "அப்படி இல்ல". அடுத்த நாள் ரயில். அதிலும் "அப்படி இல்ல". நாய்க் கார்டு கொடியசைக்கிற இடத்தில் அவன் புத்தகத்தைப் பட்டென்று மூடினான்.

"நான் சொல்றது எதுவும் சரியில்லைன்னா எதுக்கு என்கிட்ட கேக்குற? போதும். பெரியம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க. அவங்ககிட்டயே குடுத்துடறேன்."

வாண்டு அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. மூடிய புத்தகத்தைப் பார்த்தபடி, இன்னொரு பக்கத்து ஜடைக்காகத் தலையை மட்டும் திருப்பிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். கூடவே சகலையும் வந்தார். சகலைக்கு வயரிங் வேலை. உள்ளே நுழைந்ததும் வாண்டின் தலையைச் சுற்றிவந்து பார்வையிட்டார்.

"யாரு போட்ட கனெக்‌ஷன் இது? எர்த்தே இல்லையே. மழை பெஞ்சா ஷாக் அடிக்குமே சகல."

"நீங்க சும்மா இருங்க," என்றாள் அக்கா. ஆனால் அவளாலும் அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "இங்க வாடி. உக்காரு."

மேஜைமேல் ஒரு பை இருந்தது. அவன் காலையிலேயே புத்தகத்தை அதில் போட்டு வைத்திருந்தான். வாண்டு பையிலிருந்து எடுத்துக்கொண்டு போய் முக்காலியில் உட்கார்ந்து, மடியில் விரித்தாள். கேட்டு எடுக்கவில்லை. ஜடை என்றால் புத்தகம், அவ்வளவுதான் அவளுக்கு.

"எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கனவு பெரியம்மா."

அவன் டீ போட அடுப்படிக்குப் போனான். இன்னொரு தடவை "அப்படி இல்ல" கேட்கும் தெம்பு அவனுக்கு இல்லை. பாலைப் பார்த்துக்கொண்டு நின்றான். கூடத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது. வாயில் ரிப்பனைக் கடித்துக்கொண்டு பேசுகிற குரல்.

"யோவ், என் வாலை எவன்யா வித்தான்?"

அவன் திரும்பினான்.

"உன் வாலை எலி வாங்கிட்டுப் போயிருச்சுப்பா, தவணையில."

கூடத்துக்கு வந்தான். அக்கா புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. கண் முடிமேல் இருந்தது, விரல்கள் தன்போக்கில் பின்னிக்கொண்டிருந்தன. வாண்டு விரலை அந்தச் சிவப்பு வழிந்த கட்டத்தின்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

"மாமா நடுங்குறாரு!"

வாண்டு நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

"அக்கா," என்றான், "அது அச்சுல இல்லையே."

"அச்சுல என்ன எழவு இருக்குன்னு யாருக்குத் தெரியும்? இதை வாங்குறப்ப எனக்கே எழுத்துக்கூட்டத் தெரியாது. அவ என் பாவாடையைப் பிடிச்சுக்கிட்டு 'சொல்லு சொல்லு'ன்னு உயிரை எடுப்பா. படத்தைப் பாத்து நானா அடிச்சுவிட்டது எல்லாம். அப்புறம் பள்ளிக்கூடம் போயி படிக்கக் கத்துக்கிட்டு வந்து ஒருநாள் சொல்றா, 'அக்கா, புத்தகத்துல எல்லாம் தப்புத் தப்பாப் போட்டிருக்காங்க'ன்னு."

சகலை சிரித்தார். அக்காவும் சிரித்தாள். பாதியில் நின்றுவிட்டது.

அடுப்பில் பால் பொங்கி வழியும் வாசனை வந்தது. அவன் போகவில்லை. இத்தனை நாளாக வாண்டு சொன்னதெல்லாம் அவள் அம்மா சொன்னது. குளியலறைக் கதவுக்கு அந்தப் பக்கம் அவன் காதில் விழாமல் போனது முழுவதும், சொல்லுக்குச் சொல், இந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தது. அதன்மேல்தான் தினமும் காலையில் அவன் ஒரு கோட்டிங் வெள்ளை அடித்துக்கொண்டிருந்தான்.

சகலை எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

"அக்கா, புத்தகம் இங்கயே இருக்கட்டும்."

அக்கா சீப்பை நிறுத்தினாள். "என்னது?"

"இங்கயே இருக்கட்டும்."

"நீங்கதானே தம்பி வந்து எடுத்துட்டுப் போங்கன்னு போன் போட்டீங்க? ரெண்டு பஸ் மாறி வந்திருக்கோம். விளையாடுறீங்களா?"

"நம்ம சகல, பழைய மோட்டார் மாதிரி," என்றார் சகலை. "போட்டா ஓடாது. அணைச்சுட்டு நாம கிளம்புனப்புறம் ஓடும்."

"உங்களைச் சும்மா இருக்கச் சொன்னேன்." அக்கா இவன் பக்கம் திரும்பினாள். "இங்க பாருங்க. புத்தகத்துக்கா நான் அலையுறேன்? இந்தக் குப்பைக்கா? உங்ககிட்ட அவ வீடு இருக்கு, துணிமணி இருக்கு. இதோ, அவ பேச்சை அப்படியே பேச இவ இருக்கா. எங்கிட்ட என்ன இருக்கு? கடைசியா நாங்க பேசினது கேஸ் சிலிண்டர் தீந்துபோனதைப் பத்தி. அதுவும் பாதியில போனை வச்சுட்டா. உங்ககிட்ட கேட்டா, ஒண்ணும் சொல்லலங்கிறீங்க. அவளாவது, ஒண்ணும் சொல்லாம வீட்டை விட்டு இறங்குறதாவது! தூக்கத்துலகூட வாய் மூடாதவ."

வாண்டு புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணு," என்றாள் அக்கா. "அன்னிக்கு அவ கடைசியா என்ன சொன்னான்னு சொல்லுங்க. புத்தகம் இங்கயே இருக்கட்டும். இனிமே கேக்கமாட்டேன்."

அவன் தரையைப் பார்த்தான். அது சொல்கிற மாதிரியான பேச்சு இல்லை. செத்துப்போனவளை வைத்துக்கொண்டு, அதுவும் இரண்டு பஸ் மாறி வந்து உட்கார்ந்திருக்கிற அக்காவிடம், அதைப் போய் எப்படிச் சொல்வது? ஏதாவது நல்லதாக ஒன்று வேண்டும். யோசித்தான்.

"வந்து... 'வாண்டைப் பத்திரமாப் பாத்துக்கோ'ன்னு சொன்னாக்கா."

அக்காவின் கண் நிறைந்தது. சகலை வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

"அப்படி இல்ல," என்றாள் வாண்டு.

சகலை திரும்பிப் பார்த்தார்.

"நான் இங்கதான உக்காந்திருந்தேன்," என்றாள் வாண்டு. "ஒரு ஜடைதான் போட்டிருந்துச்சு. அப்படி இல்லப்பா. ஒழுங்காச் சொல்லு."

அக்கா அவனையே பார்த்தாள். கையில் சீப்பு அப்படியே இருந்தது.

அன்றைக்கு அந்தச் சீப்பு குளியலறையில் அவனிடம் இருந்தது. உள்ளே எடுத்துக்கொண்டுபோய் மறந்துவிட்டான். மனைவி வீடு முழுக்கத் தேடினாள். பலகை, கட்டில், சோபா இடுக்கு. கதவைத் தட்டினாள். குழாய்ச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. மறுபடி தட்டினாள். வேன் வந்து ஹாரன் அடித்தது. இரண்டாவது பக்கத்தை விரலாலேயே கோதி ரப்பர் பேண்டைப் போட்டுவிட்டாள். அவன் தலையைத் துவட்டிக்கொண்டு, சீப்பும் கையுமாக வெளியே வந்தபோது அவள் பையைத் தோளில் மாட்டி, ஒரு கால் செருப்பைப் போட்டிருந்தாள். சீப்பைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"சொல்லுப்பா," என்றாள் வாண்டு.

அவன் சொன்னான். அன்று அவள் சொன்ன மாதிரியே சொன்னான்.

"சீப்பை எடுத்தா எடுத்த இடத்துல வைன்னு எத்தனை தடவைதான் சொல்றது? நாளையிலேர்ந்து நீயே ஜடை போடு, அப்பத் தெரியும்."