கடல் விட்டுப்போன படகுக்கொட்டகை

கடல்மேல் உறைந்திருந்த பனி உடைந்து, தென்மேற்குக் காற்று தண்ணீரைக் கரைப்பக்கம் தள்ளிய அன்று காலையிலேயே ஹெல்மர் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். என் கணவருக்கு எண்பது தாண்டிவிட்டது. இந்த வசந்தத்தில் தன் கொட்டகையிலிருந்து தன் படகை இறக்க முடியாவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டு வாசா நகரத்துக்கு, மகள் வீட்டுக்கே வந்துவிடுவதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். சிரித்துக்கொண்டேதான் கொடுத்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

எங்கள் ஊரில் கடல் ஓரிடத்தில் நிற்காது. எந்தக் காலத்திலோ உருகிப்போன பனிமலையின் பாரம் நீங்கியதில், மூட்டை இறக்கிய குதிரைபோல நிலம் இன்னும் முதுகை நிமிர்த்திக்கொண்டே இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு விரல்கடைகூட இல்லை. ஆனால் தட்டையான கரை. அந்தக் கொஞ்சத்துக்கே தண்ணீர் பல அடி பின்வாங்கிவிடும். தலைமுறைக்கு ஒருமுறை ஊரே படகுக்கொட்டகைகளைப் பிரித்துப் புதுக்கரையில் கட்டிக்கொள்ளும். போன தடவை இவர் மட்டும் அசையவில்லை. "கடல் போறதுக்குள்ள நான் போயிடுவேன்" என்று கணக்குப் போட்டார். நிலம் கணக்குப்படிதான் ஏறியது. மனுஷன்தான் சாகவில்லை. வருஷா வருஷம் படகு கடலுக்குப் போக வாய்க்கால் வெட்டியே இடுப்பு ஒடிந்தது.

பக்கத்து வீட்டு பெங்ட் ஐந்தாறு பேரோடு தள்ள வந்தான்.

"காப்பிக்குத்தானே வந்தீங்க? வேலை முடிஞ்சாதான் ஊத்துவேன்" என்றேன்.

"மாமா, ரெண்டு நாள் பாக்கலாமே. தண்ணி இன்னும் ஏறும்" என்றான் பெங்ட்.

"ஏறுறது தண்ணி இல்லடா, தரை. தள்ளு" என்று ஹெல்மர் படகில் ஏறிக் கடலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

படகு கொட்டகையைத் தாண்டியது. வாய்க்கால் பாதியில் சேறு பிடித்துக்கொண்டது. முக்கித் தள்ளினார்கள், ஆட்டிப் பார்த்தார்கள். நாணலுக்கு அப்பால் தண்ணீர் பளபளத்துக்கொண்டிருந்தது. ஒருவன் கையை எடுத்தான், பிறகு இன்னொருவன். பெங்ட் என்னைப் பார்த்தான். யாரைத் திட்டுவது? கடலைப் புயல் கொண்டுபோயிருந்தால் புயலையாவது சபித்திருப்பேன்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" ஹெல்மர் திரும்பவில்லை. "அசையுதுல்ல?"

பெங்ட் குனிந்து கையிலிருந்த சேற்றை வழித்தான்.

"அசையுது மனுசா, அசையுது" என்றேன். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினேன். இரண்டு உள்ளங்கைகளையும் படகின் பின்பலகையில் ஊன்றித் தள்ளினேன்.