துரைராஜாவின் நூறு ரூபாத் தாள்

றெயில்வேயில் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்ற துரைராஜா, கொக்குவில் வீட்டு அலுமாரியில் ஒரு நூறு ரூபாத் தாளை மடிக்காமல் வைத்திருந்தார். அவசரத்துக்கென்று வைத்தது. மண்ணெண்ணெய் வாங்க, கூரைக்கு ஓடு மாற்ற, தபாற்காரனுக்கு நத்தார்ப் பண்டிகைக் காசு கொடுக்க என்று எத்தனையோ தரம் கை முட்டுப்பட்டபோதும் அதைத் தொட விடவில்லை. “உடைச்சால் பிறகு அது நூறில்லை” என்பார். அன்றாடச் செலவை மனைவி ஐரிஸ் எப்படியோ பார்த்துக்கொண்டார். எப்படியென்று அவர் கேட்டதுமில்லை.

அறுபத்திரண்டாம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சேர்ச்சுக்கு வெளிக்கிடுமுன் புட்டும் முதல்நாள் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஐரிசின் தொண்டையில் முள் குத்திக்கொண்டது. வெறும் புட்டை உருட்டி விழுங்கினார். கதலிப்பழம் விழுங்கினார். முள் அசையவில்லை. பேச வாயெடுத்தால் இன்னும் குத்தியது. நாள் முழுக்கக் கதைக்கிற மனுசி கதையாமல் இருந்ததைக் கண்டதும் துரைராஜாவுக்குப் பயம் பிடித்துவிட்டது. கூடவே, உள்ளுக்குள் ஒரு பெருமையும் எழுந்தது. இதற்குத்தானே அந்தத் தாள்.

“ஆசுபத்திரிக்குப் போவம். காசைப் பற்றி நீர் யோசியாதேயும்,” என்று அலுமாரியைத் திறந்தார்.

ஐரிஸ் தலையை ஆட்டி, குசினிப் பக்கம் கையைக் காட்டினார்.

“அடுப்பை நான் தண்ணி தெளிச்சு நூத்திட்டன். வாரும்.”

அவர் திரும்பவும் குசினியைக் காட்டினார். துரைராஜா அவரைக் கையில் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

ஒழுங்கை முகப்பில் வாடகைக் கார் வைத்திருந்தவன் வின்சன்ற். இருவரும் ஏறியதும், “ஐயா, பெற்றோல் அடியிலைதான் கிடக்கு. ஆசுபத்திரிக்குப் போய்வரக் காணாது. ஒரு அஞ்சு ரூபா தந்தியளெண்டால் அடிச்சுக்கொண்டு போகலாம்,” என்றான்.

துரைராஜா நூறு ரூபாவை நீட்டினார். வின்சன்ற் கை நீட்டவில்லை.

“இதை ஆர் ஐயா மாத்துவினம்?”

பெற்றோல் செட்டில் மாற்றவில்லை. காலை முதல் வியாபாரமே இதுதான் என்றார்கள். தேத்தண்ணிக் கடைக்காரர் மேசை லாச்சியை இழுத்துக் காட்டினார், சில்லறைதான் கிடந்தது. மற்றக் கடைகள் பூட்டு. கேட்ட இடத்திலெல்லாம் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நல்ல தாள் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். பின் சீற்றில் ஐரிஸ் வாயைப் பொத்தியபடி, மற்றக் கையால் வீட்டுப் பக்கமே காட்டிக்கொண்டிருந்தார்.

“வீட்டைப் பூட்டிப்போட்டுத்தான் வந்தனான்,” என்றார் துரைராஜா.

சேர்ச்சுக்கு முன்னால் வந்தபோது உள்ளே பாட்டுக் கேட்டது. காணிக்கை எடுக்கிற நேரம். துரைராஜா காரை நிறுத்தச் சொல்லிவிட்டு இறங்கி ஓடினார்.

ஆட்கள் இருந்த கடைசி வாங்கடியில் பொருளாளர் செல்வநாயகம் காணிக்கைப் பையோடு நின்றார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். துரைராஜா தாளை நீட்டி, “ஐரிசுக்குத் தொண்டையிலை முள்ளு. இதை ஒருக்கால் மாத்தித் தாரும்,” என்று காதுக்குள் சொன்னார். பாட்டுச் சத்தத்தில் செல்வநாயகத்துக்கு ஐரிசும் முள்ளும் மட்டுமே விளங்கின. கண்கலங்கியபடி தாளை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு பீடத்தை நோக்கி நடந்தார்.

பின்னாலேயே இறங்கி வந்த ஐரிஸ் வாசலில் நின்று அதைப் பார்த்தார். இழுத்த மூச்சு அப்படியே புரையேறியது. குலுங்கி இருமினார். இருமலோடு முள் வெளியே விழுந்தது. அதன் பின்னால் குரலும் வந்தது.

“ஐயோ, என்ரை ஆண்டவரே.”

பாட்டு அப்போதுதான் ஓய்ந்திருந்தது. சேர்ச் முழுவதும் திரும்பிப் பார்த்தது. செல்வநாயகம் போதகரிடம் விஷயத்தைச் சொன்னார்; மெல்லச் சொல்வதாக அவர் நினைத்தது எல்லோருக்கும் கேட்டது. போதகர் கைகளை உயர்த்தினார்.

“சகோதரன் துரைராஜா மனைவியின் சுகத்துக்காக நூறு ரூபா படைத்திருக்கிறார். காணிக்கை பீடத்தை அடையுமுன்பே ஆண்டவர் சுகம் தந்துவிட்டார்.”

துரைராஜா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் ஆமென் என்றார்கள். அவருடைய வாயிலிருந்தும் அதுதான் வந்தது.

ஆசுபத்திரிக்கு இனி வேலையில்லை. வின்சன்ற் மிச்சமிருந்த பெற்றோலில் வீடுவரை ஒருமாதிரி உருட்டிக்கொண்டு வந்து, கூலிக்காக இறங்காமல் இருந்தான். ஐரிஸ் குசினிக்குள் போய், பரணிலிருந்த பழைய இடியப்ப உரலை எடுத்து, வாயில் அடைத்திருந்த துணியை இழுத்தார். ஒரு ரூபாத் தாள்கள் சுருள் சுருளாக வந்தன. வின்சன்றுக்கு அஞ்சு ரூபா கொடுத்தனுப்பினார்.

“வெளிக்கிடேக்கையே குசினியைக் காட்டினனான்.”

“நான் அடுப்பையெல்லோ நினைச்சன்.”

“அந்தத் தாளைக் கையிலை எடுத்தாப் பிறகு உங்களுக்கு வேறை என்ன விளங்கினது?”

துரைராஜா உரலுக்குள் எட்டிப் பார்த்து, “உதுக்குள்ளை இன்னும் எவ்வளவு கிடக்கு?” என்று கேட்டார்.

“செலவுக்குக் காணும்,” என்று சொல்லி ஐரிஸ் துணியைத் திரும்ப அடைத்தார்.

அடுத்த கிழமை, சேர்ச் மணிக்கூண்டு திருத்தக் காசு சேர்க்கிற இரண்டு பேர் முதல் வேலையாகத் துரைராஜா வீட்டுப் படலையைத் திறந்தார்கள். அவர்களைக் கண்டதும் துரைராஜா பின்பக்கத்தால் கிணற்றடிக்குப் போய்விட்டார். ஐரிஸ் தேத்தண்ணி கொடுத்து, இரண்டு ரூபாவை மேசையில் வைத்தார். வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“குறை நினையாதேயுங்கோ,” என்றார் ஐரிஸ். “இவர் அவசரமெண்டால்தான் நூறு குடுப்பார்.”

அவர்கள் அதையும் பக்தியாகவே எடுத்துக்கொண்டு, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.