அந்தக் கணக்கு முடியட்டும்

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, புடவைக்கடை மாடியில் நடக்கும் டியூஷன் வகுப்பின் வாசல்வரை ஓடிவந்த பழனியாண்டி, உள்ளே மகளின் குரல் கேட்டதும் நின்றுவிட்டார். கரும்பலகைக்கு முன்னால் நின்றிருந்தாள் நிலக்ஷி. முதுகுதான் தெரிந்தது. காலையில் கொழுந்து பறிக்க மலைக்குப் போகுமுன் அவள் அம்மா சண்முகவடிவு பின்னிவிட்ட சடை.

"மேல கூட்டல், கீழ கழித்தல், சேர். ரெண்டு சமன்பாட்டையும் கூட்டினா வை வர்க்கம் வெட்டுப்பட்டுப் போயிரும். அப்புறம் எக்ஸ் வர்க்கம் மட்டுந்தான்."

அவரைக் கண்டு ஆசிரியர் நிரோஷன் சேர் வெளியே வந்தார்.

"நிலக்ஷியோட அப்பாங்க. கொழுந்து மலையில குளவிக்கூடு கலைஞ்சு கொட்டிருச்சு சேர். அவங்கம்மாவ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம்... முடிஞ்சிருச்சுங்க."

"ஐயோ. இருங்க, இப்பவே கூப்பிடுறேன்."

பழனியாண்டி சேரின் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாங்க. அந்தக் கணக்கு முடியட்டும். வெளிய வந்தான்னா அப்புறம் அவ தாயில்லாப் புள்ளைங்க."

சேர் உள்ளே போனார்.

"எக்ஸ் வர்க்கம் பதினாறு. அப்ப எக்ஸ் நாலு சேர்."

"நாலு மட்டுமா?"

அவள் யோசித்தாள். "மைனஸ் நாலும் வரும்."

ஒவ்வொன்றுக்கும் வை-க்கு இரண்டிரண்டு விடைகள் வந்தன. பழனியாண்டிக்கு எதுவும் விளங்கவில்லை. ஒரு விடை இன்னொன்றைக் கூட்டிவருகிறது என்பது மட்டும் தெரிந்தது. இன்னும் வரட்டும், பலகை நிறையட்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசலில் அவர் கதறியபோது காது கொடுக்காத அதே மாரியம்மனை.

நாலு சோடி விடைகளோடு நின்றுவிட்டது. மற்றப் பிள்ளைகள் கொப்பிகளை மூடத் தொடங்கினார்கள்.

"ஒவ்வொண்ணையும் திரும்பப் போட்டுச் சரி பாரும்மா," என்றார் சேர். "மெதுவா செய்யி. அவசரமில்ல."

ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். எல்லாம் பொருந்தின. அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை.

திரும்பியவள் வாசலில் அப்பாவைக் கண்டு ஓடிவந்தாள். "பாத்தீங்களாப்பா? நாலுமே சரி!" கிட்டே வந்த பிறகுதான் சிரிப்பு நின்றது. "கழுத்துல என்னப்பா இப்படி வீங்கியிருக்கு?"

கரும்பலகையில் எழுதிய வெண்கட்டித் தூள் படிந்த விரல்களை மெல்ல அங்கே வைத்தாள். தீயாய்க் காந்திய இடத்தில் அது குளுகுளுவென்று இருந்தது. பழனியாண்டி அந்தக் கையை அங்கேயே அழுத்திப் பிடித்துக்கொண்டார்.