மலை வீட்டில் இருபதாம் நாள்

குசாம்பாள் ஏணியின் நடுப்படியில் நின்று ஓடுகளை வாங்கி மேலே கொடுத்துக்கொண்டிருந்தாள். கீழே அவள் புருஷன் பச்சையப்பன் ஒவ்வொரு ஓடாக எடுத்துத் தேங்காய் நாரால் பாசியைத் தேய்த்துவிட்டு அவள் கைக்கு நீட்டினான். கூரைமேல் குந்தியிருந்த தங்கவேலு கொத்தனார் அதை வாங்கி மரச்சட்டத்தில் மாட்டி, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினான். காலையிலிருந்து நூறு ஓடுகளுக்குமேல் ஏறிவிட்டன. மலைப் பனி இன்னும் முழுக்க விலகவில்லை. வாயைத் திறந்தால் புகை வந்தது. அதைப் பார்ப்பதற்காகவே தங்கவேலு ஓயாமல் பேசிக்கொண்டிருந்தான்.

பச்சையப்பன் ஆரணியில் பட்டு நெய்கிறவன். கார்த்திகையில் பட்டு நூல் விலை ஏறியதும் முதலாளி ஹேமநாத் தறிக்குப் பாவு நூல் கொடுப்பதை நிறுத்திவிட்டார். பொங்கலுக்கு அப்புறம் பார்க்கலாம் என்றார். பாவு இல்லாத தறியில் எதை நெய்வது? அவர்கள் தெருவிலிருந்து இரண்டு பேர் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். இன்னொருவன் வேலூரில் ஒரு ஏ.டி.எம். வாசலில் காவலுக்கு உட்கார்ந்துவிட்டான். பச்சையப்பன் மட்டும் ஒருநாள் விட்டு ஒருநாள் முதலாளியின் கடைக்குப் போய், சேலை மடிக்கும் மேஜை ஓரமாக நின்றுவிட்டு வருவான். கேட்கமாட்டான், நிற்பான். அப்படி நின்ற ஒருநாள்தான் ஹேமநாத் ஜவ்வாது மலை வீட்டைப் பற்றிச் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாங்கிப் போட்ட பழைய வீடு. பிள்ளைகளுக்கு அரைப்பரீட்சை லீவு விடுவதற்குள் சரிபண்ணிவிட்டால் குடும்பத்தோடு போய் இருந்துவிட்டு வரலாம். சந்தவாசலிலிருந்து ஒரு கொத்தனார் வருகிறான், இருபது நாள் வேலை இருக்கும், வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு போ, இரண்டு பேருக்கும் கூலி என்றார்.

'இரண்டு பேருக்கும்' என்றது குசாம்பாளுக்குப் பிடித்திருந்தது. ரேஷன் கார்டில் அவள் பெயர் அபிதகுசாம்பாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாகத் தார்க்குச்சியில் நூல் சுற்றுகிறாள், அறுந்த இழை முடிகிறாள், ஜரிகை எடுத்துக் கொடுக்கிறாள். ஆனால் சேலைக்கு ஒரே கூலிதான், அதுவும் பச்சையப்பன் பெயரில்தான். தன் கூலியைத் தன் கையில்தான் தரவேண்டும் என்று அவள் புருஷனிடம் சொல்லியனுப்பினாள். ஹேமநாத் சிரித்துவிட்டுச் சரி என்றாராம்.

ஒரு காலத்தில் மரக் காண்ட்ராக்டர் ஒருவர் கட்டிய வீடு அது. கருங்கல் சுவர், ஓட்டுக் கூரை, முன்னால் நீளமாக ஒரு வராந்தா. வராந்தாவில் நின்றால் கீழே சாமைக் கொல்லைகளும் அதற்கப்பால் அடுக்கடுக்காக மலையும் தெரியும். அவர்கள் வந்து சேர்ந்த அன்று உள்ளே வௌவால்கள்தான் இருந்தன. ஒரு அறையில் யாரோ ஆடு கட்டியிருந்தார்கள். புழுக்கையை வாரிக் கொட்டவே இரண்டு நாள் ஆயிற்று. பின்பக்கத்துச் சாமான் அறையில் படுத்துக்கொண்டார்கள், வெளியே மூன்று கல் வைத்துச் சமைத்தார்கள்.

முதல் வாரம் தங்கவேலுவுக்கு நெசவுக்காரர்கள்மேல் நம்பிக்கையே இல்லை. பச்சையப்பன் ஏணியில் மூன்றாவது படியைத் தாண்டவில்லை. வருஷக்கணக்காகத் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருந்தவன் ஏணியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றான். கலவைச் சட்டியைத் தூக்கினால் பாதி தோளில் வழிந்தது. இவரை வைத்துக்கொண்டு நான் எப்படி வேலையை முடிப்பேன் என்று தங்கவேலு குசாம்பாளிடம் புலம்பினான். அவள் சட்டியைத் தன் தலைக்கு மாற்றிக்கொண்டாள்.

உண்மையான தலைவலி ஓடுதான். உடைந்துபோன ஓடுகளுக்குப் பதில் போட அந்தப் பழைய அளவு போளூரில் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. தங்கவேலு இரண்டு நாள் அலைந்து, களம்பூரில் ஒரு பழைய அரிசி மில்லின் கொட்டகையைப் பிரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அங்கிருந்து ஒரு வண்டி ஓடு கொண்டுவந்தான். ஓட்டுக்குள் தவிட்டு வாசனை இன்னும் போகவில்லை. கூரை முடிந்த அன்று உச்சியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். குசாம்பாள் உள்ளே அறை அறையாக அண்ணாந்து பார்த்தபடி நடந்தாள். சமையலறை மூலையில் மட்டும் ஒரு சொட்டு அவள் நெற்றியில் விழுந்தது. அங்கிருந்தே கத்தினாள். தங்கவேலு அந்த இடத்துக்கு ஊர்ந்துபோய் இரண்டு ஓடுகளை மாற்றினான். மறுபடி ஊற்றினார்கள். சொட்டவில்லை.

அதற்கப்புறம் பச்சையப்பனின் முறை வந்தது. வீட்டில் நான்கு பழைய தேக்குக் கட்டில்கள் இருந்தன, சட்டம் மட்டும்தான் மிச்சம். புதுக்கட்டில் வாங்க ஹேமநாத் யோசித்திருந்தார். பச்சையப்பன் வேண்டாம் என்று சொல்லி இரண்டு நிறத்தில் நைலான் நாடா வாங்கிவரச் செய்தான். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்ததும் ஆளே மாறிப்போனான். ஒரு கட்டிலுக்கு ஒருநாள்தான். பச்சையில் உடம்பு, அரக்கில் இரண்டு பக்கமும் பார்டர், நடுவில் சின்னச் சின்னக் கட்டம். தங்கவேலு சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். கையால் அழுத்திப் பார்த்தான்.

"ணா, நீ ஏணி ஏற வாணாம். ஒக்காந்துகினே இரு" என்றான்.

பதினைந்தாம் நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு மூவரும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோதுதான் குசாம்பாள் அந்த யோசனையைச் சொன்னாள். காலை நீட்டி, விரல்களில் தெறித்துக் காய்ந்த சுண்ணாம்பைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்.

"இந்த வீட்ல ஒரு நாள் நாம சும்மா இருக்கணும்."

"சும்மான்னா?" என்று கேட்டான் தங்கவேலு.

"சும்மான்னா சும்மாதான். வேல செய்யாம."

தங்கவேலு சிரித்தான். அப்புறம் யோசித்தான். இருபது நாளைக்குப் பேசின வேலை. அதைப் பத்தொன்பது நாளில் முடித்துவிட்டால் இருபதாம் நாள் யாருடையது? விரல் விட்டு எண்ணிப் பார்த்தால் அது ஞாயிற்றுக்கிழமையாகவும் இருந்தது. அன்று சாயங்காலம்தான் சாமான் ஏற்ற வண்டி வருகிறது, முதலாளி குடும்பம் மறுநாள் திங்கட்கிழமை. பச்சையப்பனுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. முதலாளிக்குத் தெரிந்தால் தப்பாக நினைப்பார், பாவு விஷயம் வேறு இருக்கிறது என்றான். வேலையில் ஒரு குறையும் வைக்காமல் முடித்துவிட்டுத்தானே இருக்கப்போகிறோம், அவர் வீட்டையா தூக்கிக்கொண்டு போகிறோம் என்றாள் அவள். கடைசியில் அவனும் தலையாட்டினான்.

மிச்சமிருந்த நான்கு நாளும் பொழுது விடிந்தும் விடியாமலும் வேலையில் இறங்கினார்கள். மூன்று பேருக்கும் ஒரே உற்சாகம். தங்கவேலு சுண்ணாம்பு அடிக்க, குசாம்பாள் ஜன்னல்களுக்குப் பெயின்ட் அடித்தாள். பச்சையப்பன் மூன்றாவது படியைத் தாண்டி ஏணியின் உச்சிவரை போய்ப் பரண் துடைத்தான். அந்த இடத்தில் போன் எடுக்காது. அரை மைல் தள்ளி ஒரு பாறைமேல் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். தினமும் சாயங்காலம் பச்சையப்பன் அங்கே போய் முதலாளிக்கு விவரம் சொல்லிவிட்டு வருவான். சனிக்கிழமை மட்டும் போகவில்லை. தரையைக் கழுவித் துடைத்து முடிக்கவே இருட்டிவிட்டது.

ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் அவர்கள் மகள் லாவண்யா வந்து இறங்கினாள். செய்யாறு பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை, வாரத்தில் ஒருநாள்தான் லீவு. இஞ்சி, பூண்டு, மசாலா, ஒரு சீப்பு வாழைப்பழம் எல்லாம் கொண்டுவந்திருந்தாள். கீழ்க்கொல்லை வீட்டில் குசாம்பாள் தன் கூலிக்கு வாங்கியிருந்த முன்பணத்தில் இரண்டு நாட்டுக்கோழி வாங்கினாள். தங்கவேலு சாமையரிசிக்கு ஏற்பாடு பண்ணினான். சமையலறையில் போட்டிருந்த புது அடுப்பில் முதன்முதலாகக் குழம்பு கொதித்தது.

சும்மா இருப்பது லேசாக இல்லை. பச்சையப்பன் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். இரண்டு நிமிஷத்தில் எழுந்து ஒரு ஜன்னல் கொக்கியை முறுக்கினான். லாவண்யா அவன் கையைப் பிடித்து இழுத்துவந்து மறுபடி உட்காரவைத்தாள். தங்கவேலு தலைக்கு எண்ணெய் வைத்து வெந்நீரில் குளித்துவிட்டு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி முற்றத்தில் மேலும் கீழும் நடந்தான். குசாம்பாள் குழம்பை இறக்கி வைத்துவிட்டுப் போய்க் கட்டிலில் படுத்தாள். மணி பதினொன்று இருக்கும். பிள்ளை பெற்ற நாட்களைத் தவிர, பகலில் அவள் முதுகு கீழே சாய்ந்ததில்லை. ஜன்னல் வழியாக வெயில் வந்து அவள் காலில் விழுந்தது. லாவண்யா பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் கால் நகங்களுக்கு ரோஸ் நிறத்தில் நகப்பூச்சு பூசினாள். கூசுகிறது என்று அவள் சிரிக்க, ஆடாமல் இரும்மா என்று மகள் அதட்ட, வெளியிலிருந்து தங்கவேலு இன்னா நடக்குது உள்ள என்று கேட்டான்.

இலை போட எழுந்தபோது ஹாரன் சத்தம் கேட்டது.

இரண்டு கார்கள். ஹேமநாத், அவர் மனைவி தேவிப்ரியா, இரண்டு பிள்ளைகள், தேவிப்ரியாவின் தங்கை குடும்பம், எல்லாமாக ஒன்பது பேர். பிள்ளைகள் ஒரே பிடிவாதம், ஒருநாள் முன்னாடியே கிளம்பிவிட்டோம் என்று சொல்லிக்கொண்டே ஹேமநாத் இறங்கினார். வீட்டைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். பிள்ளைகள் செருப்போடு உள்ளே ஓடிக் கட்டிலில் குதித்தார்கள். தேவிப்ரியா ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்துவிட்டு, கட்டில் பார்டரைத் தடவி, இது நம்ம சேலை டிசைன் மாதிரியே இருக்குதே என்று தங்கையிடம் காட்டினாள். அவர்கள் எல்லாருக்கும் உண்மையாகவே சந்தோஷம். பச்சையப்பன் நாற்காலியிலிருந்து எப்போது எழுந்தான் என்று யாரும் பார்க்கவில்லை. துண்டைத் தோளிலிருந்து இடுப்புக்கு மாற்றிக்கொண்டு முற்றத்தில் நின்றிருந்தான்.

சமையலறைக்குள் எட்டிப் பார்த்த ஹேமநாத் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"வாசன ரோட்டு வரைக்கும் வருது. கோழிக்கொழம்பு பண்ணி வைக்கச் சொல்லி நேத்து ராத்திரியே வாய்ஸ் மெசேஜ் போட்டேனே, கேட்டியா பச்சையப்பா?"

பச்சையப்பன் பையிலிருந்த போனைத் தொட்டான். குசாம்பாளைப் பார்த்தான்.

"கேட்டங்க" என்றான்.

லாவண்யா வாயைத் திறந்தாள். குசாம்பாள் அவள் மணிக்கட்டைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"எம்மா, அது நம்ம கோழின்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா, அவங்க வீட்ல எதுக்குக் கறி ஆக்கினீங்கன்னு கேப்பாங்க. அப்பனுக்குப் பாவு வேணும். இலைய எடு."

வராந்தாவில் ஒன்பது இலை போட்டார்கள். லாவண்யா தண்ணீர் வைத்தாள், தங்கவேலு வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாமைச் சோறு கொண்டுவந்தான், குசாம்பாள் குழம்பு ஊற்றினாள். அவள் கால் நகங்களைப் பார்த்துவிட்டு ஹேமநாத்தின் சின்னப் பெண், ஆன்ட்டி உங்க நெயில் சூப்பர் என்றாள். ஓட்டலில்கூட இப்படி ஒரு கோழிக்குழம்பு சாப்பிட்டதில்லை என்று தேவிப்ரியாவின் தங்கை புருஷன் மூன்றாவது தடவை கேட்டு வாங்கினார். இனி நாங்கள் வரும்போதெல்லாம் நீயே வந்து சமைத்துப் போடு என்று தேவிப்ரியா குசாம்பாளிடம் சொன்னாள். கை கழுவிவிட்டு வந்த ஹேமநாத், பச்சையப்பனைத் தனியாகக் கூப்பிட்டு, பொங்கல்வரைக்கும் காத்திருக்க வேண்டாம், வெள்ளிக்கிழமையே வந்து பாவு வாங்கிக்கொண்டு போ என்றார். பச்சையப்பன் கையைக் கூப்பிவிட்டான். சமையலறைக்கு வந்து சிரித்தபடியே மனைவியிடம் அதை இரண்டு தடவை சொன்னான். அவளும் சிரித்தாள். நால்வரும் பின்பக்கம் கல் அடுப்பு ஓரம் உட்கார்ந்து, மிஞ்சிய சாமைச் சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டார்கள். லாவண்யா கொண்டுவந்த வாழைப்பழம் ஆளுக்கு ஒன்று இருந்தது.

நாலு மணிக்குச் சாமான் ஏற்றும் குட்டியானை வண்டி வந்தது. ஏணி, சட்டிகள், மண்வெட்டி எல்லாம் ஏற்றினார்கள். ஹேமநாத் பாக்கிக் கூலியைக் கொடுத்தார், குசாம்பாளுடையதை அவள் கையிலேயே. தேவிப்ரியா உள்ளேயிருந்து அவசரமாக வந்தாள். அவள் கையில் நீல மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா.

"வேல மும்முரத்துல நீங்க சரியா சாப்பிட்டிருக்க மாட்டீங்க. கொஞ்சம் கொழம்பு இருந்தது, சூடு பண்ணிப் போட்டிருக்கேன். பொண்ணுக்குக் குடும்மா" என்று நீட்டினாள். "டப்பாவ மட்டும் மறக்காம வெள்ளிக்கிழம கடையில குடுத்துடு."

"சரிங்கம்மா" என்று குசாம்பாள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

வண்டி இறங்கத் தொடங்கியது. முதல் வளைவில் தங்கவேலு டப்பாவைப் பார்த்தான், லாவண்யாவைப் பார்த்தான், அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லாவண்யாவும் அடக்க முடியாமல் முழங்காலில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். பச்சையப்பன் காதில் அது விழவில்லை. அவன் வெள்ளிக்கிழமையை நினைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். குசாம்பாள் டப்பாவை மடியில் வைத்திருந்தாள். சூடு இன்னும் ஆறவில்லை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மூடியோரம் குழம்பு கசிந்தது. கசியக் கசிய அவள் முந்தானையால் துடைத்து, டப்பாவைப் புதிதுபோல வைத்துக்கொண்டே வந்தாள்.