தண்ணீர் குடிக்காத அங்கி

தொமேசோ விட்ட உதையில் துவைக்கும் தொட்டி உருண்டுபோய் வாசற்படியில் மோதியது. சாம்பல் கரைத்த வெந்நீர் அறையெங்கும் ஓடியது. அடுத்த அடி அவன் மனைவி கிசேயின் வாயில் விழுந்தது. உதடு கிழிந்து ரத்தம் வழிய, புதுத் துணிக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் சுவரோரம் ஒதுங்கினாள்.

“துணி தண்ணியில பட்டுச்சோ, கை ரெண்டையும் ஒடிச்சிடுவேன்!”

“ரெண்டு கொதி போட்டாத்தாங்க கஞ்சியும் பிசுக்கும் போகும். இல்லைன்னா இது தண்ணியே குடிக்காது. உங்களுக்குத் தெரியாததா?”

“சாயம் போயிடுமேடி! கம்பக்காரன் நான். பழந்துணிக் கடையில வாங்கிட்டு வந்த மாதிரி ஊர்வலத்துல போய் நிக்கவா? எதிரணிக்காரனுங்க சிரிப்பா சிரிச்சிடுவானுங்க.”

எடோ என்னும் அந்த மரவீட்டு நகரத்தில் குளிர்காலம் வந்தால் கூடவே தீயும் வந்துவிடும். அணைக்கப் போகிறவனுக்கு உயிர்க்காப்பு ஒன்றே ஒன்றுதான்: மூன்று பருத்தித் துணிகளை அடுக்கி நெருக்கமாகத் தையலோட்டிய அங்கி. அது தொப்பலாக நனைந்து கனத்தால்தான் நெருப்புக்குள் போக முடியும். தொமேசோவின் தீயணைப்பு அணியில் இருபத்திரண்டு பேர். அத்தனை பேருக்கும் தைத்தவள் கிசே. கத்தரி வைக்கும் முன் ஒவ்வொரு துணியையும் இரண்டு முறை கொதிக்கவைத்து அலசி எடுப்பாள். “கிசே அண்ணி புது மாப்பிள்ளையைக்கூட வேகவச்சுத்தான் வீட்டுக்குள்ள விடுவா” என்று பையன்கள் கிண்டல் செய்வார்கள். கிண்டல் செய்தாலும் துவைக்காத அங்கியை ஒருவனும் தொடமாட்டான்.

தொமேசோவும் அப்படித்தான் இருந்தான், போன மாதம் அவனுக்குக் கம்பம் கிடைக்கும்வரை. அணியின் அடையாளக் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு எரியும் தெருவின் கூரை முகட்டில் நிற்பது சின்ன விஷயமில்லை. அவன் நிற்கும்வரை அந்தத் தீ அந்த அணிக்குச் சொந்தம், ஒருவரும் பின்வாங்கக் கூடாது. கம்பக்காரன் அங்கியின் முதுகில் சிவப்புச் சக்கரம் இருக்கும். கம்பம் யார் கைக்குப் போனாலும் சக்கரமும் அவன் முதுகுக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் எதிரணிக்காரன் ஏறி வந்து பிடித்துத் தள்ளிவிடுவான், கேட்பாரில்லை. பதவி வந்ததும் தொமேசோவுக்குத் தலைகால் புரியவில்லை. வருடப் பிறப்பின் நாலாம் நாள் ஊர்வலத்தில் அந்தக் கருநீலம் கத்தரிக்காய்போல் மின்ன வேண்டும், அவ்வளவுதான் அவன் கவலை.

திருட்டுத்தனமாகத் துவைக்கவும் வழியில்லை. தினமும் மாலை வந்து துணியைத் தடவி, மூக்கில் வைத்து முகர்ந்து பார்த்தான் அந்தப் புத்திசாலி.

கிசே தைத்தாள். பதினைந்து நாள், வீங்கிய உதட்டோடு. ஊசி உள்ளே போகும்போதெல்லாம், “எரிஞ்சு போ. இதைப் போட்டுக்கிட்டே எரிஞ்சு போ” என்று மனசுக்குள் சொன்னாள். சொல்லச் சொல்ல நெஞ்சு குளிர்ந்தது. அதை அவள் தனக்குத்தானே மறைக்கவும் இல்லை.

வருடம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, பட்டப்பகலில், பொதுக் குளியல் கூடம் ஒன்றில் தீப் பிடித்தது. வடகாற்று அதைத் தெருவுக்குள் தள்ளிக்கொண்டு வந்தது. அணித்தலைவர் கான்பெய் ஆட்களோடு ஒரு பக்கம் நுழைய, எதிரணி மறுபக்கம் நுழைந்தது. முதலில் தீயையா அணைத்தார்கள்? கொக்கிக் கழிகளால் ஒருவர் மண்டையை ஒருவர் பிளந்துகொண்டார்கள். ஒருவன் பல்லைத் துப்பிவிட்டுத் திரும்பவும் பாய்ந்தான். கான்பெய்யின் ஆட்கள் அடித்துத் தள்ளி ஏணியைச் சார்த்தினார்கள். பெண்கள் வாளிகளோடு ஓடினார்கள்.

கிசே தன் வாளியைத் தொமேசோவின் முதுகில் ஊற்றினாள். சேம்பு இலையில் விழுந்த மாதிரி தண்ணீர் உருண்டு ஓடியது. இன்னொரு வாளி. அதுவும் அப்படியே. கையை உள்ளே விட்டு அழுத்திப் பார்த்தாள். மொடமொடவென்று காய்ந்திருந்தது. பதினைந்து நாள் வேண்டிக்கொண்டது கண்ணெதிரே ஏணியில் கால் வைத்தது. அவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

“ஏறாதீங்க!” காலைப் பிடித்து இழுத்தாள். அவன் அவள் தோளில் உதைத்தான். கீழே கிடந்த கொக்கிக் கழியை இரண்டு கையாலும் தூக்கி, ஏணியைப் பிடித்திருந்த அவன் மணிக்கட்டில் ஓங்கிப் போட்டாள். எலும்பு முறிந்தது அவளுக்கே கேட்டது. தொமேசோ மல்லாக்க விழுந்தான்.

எதிரணியில் ஒரே கூச்சல். “கம்பக்காரனைப் பொண்டாட்டி இறக்கிட்டாடா! கம்பத்தை அவ கையிலயே குடுங்கடா!”

கான்பெய்யின் முகம் கறுத்தது. “யசுகே! அவன் அங்கியைக் கழட்டிப் போட்டுக்கிட்டு ஏறு!”

யசுகே இரண்டாம் கம்பக்காரன். அவன் உடம்பில் இருந்தது கிசே வேகவைத்துத் தைத்த பழைய அங்கி, நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டுச் சக்கர அங்கியை மாட்டினான்.

“வேணாம் யசுகே! அது துவைக்காத துணி!” கிசே அவன் கையைப் பிடித்துத் தொங்கினாள். இரண்டு பேர் அவள் கொண்டையைப் பற்றிச் சுவரோடு சாய்த்தார்கள்.

கான்பெய் திரும்பினார். “என்னடா சொல்றா இவ? துவைக்கலையா?”

தொமேசோ தெருவின் அந்தப் பக்கத்தைப் பார்த்தான். எதிரணிக்காரர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“துவைச்சதுதான் தலைவரே. இவளுக்குப் பைத்தியம் புடிச்சிருக்கு.”

“பயப்படாதீங்க அண்ணி. அண்ணன் அங்கியைப் பத்திரமா கொண்டாந்து தர்றேன்” என்று யசுகே சிரித்தான். நாலு வாளித் தண்ணீர் அவன்மேல் விழுந்து வழிந்தது. ஏறிவிட்டான்.

முகட்டில் அவன் நின்றதும் காற்று திரும்பியது. பொறிகள் மழையாகக் கொட்டின. அப்போதுதான் தொமேசோ முறிந்த கையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். “இறங்குடா! நான் பொய் சொல்லிட்டேன்! அது துவைக்காததுடா, இறங்கு!” என்று தொண்டை கிழியக் கத்தினான். நெருப்பின் இரைச்சலில் வார்த்தை மேலே போகவில்லை, குரல் மட்டும் போனது. பொறாமையில் கத்துகிறான் என்று யசுகே நினைத்திருக்க வேண்டும். குனிந்து பார்த்துச் சிரித்தான். கம்பத்தை மூன்று சுற்றுச் சுழற்றிக் காட்டினான்.

தோளில் ஒரு பொறி விழுந்தது. தட்டி அணைக்கக் கை தூக்கினான், கை எழவில்லை. கொதிக்கவைக்காத துணி, கொஞ்சம் ஈரம் பட்ட இடமெல்லாம் அனலில் சுருங்கி அக்குளைக் கவ்வியிருந்தது. சுடர் ஒரே ஓட்டமாக முதுகில் ஏறியது. கம்பத்தோடு உருண்டு தெருவில் வந்து விழுந்தான்.

தண்ணீர் ஊற்றினார்கள், அணைந்தது. அங்கியைக் கழற்ற முடியவில்லை. பிடித்து இழுத்தபோது யசுகே போட்ட அலறலில் எதிரணிக்காரர்களே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கான்பெய் கத்தரி கேட்டார். கிசேயிடம்தான் இருந்தது.

அவள் மண்டியிட்டுத் தன் தையலையே ஒவ்வொன்றாக வெட்டினாள். பாதி வெட்டும்போது அலறல் நின்றுவிட்டது. அவள் நிறுத்தாமல் கடைசித் தையல்வரை வெட்டினாள். பிறகு கருகாத உள்துணியில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்த் தொமேசோவின் நல்ல கையைப் பிடித்து இழுத்து, அதில் வைத்து அழுத்தினாள்.

“தொட்டுப் பாரு” என்றாள். “காய்ஞ்சிருக்கு.”