காலிப் பீடத்தில் ஒரு துண்டு

எகிப்தில் லக்சர் கோயில் வாசலில் நிற்க வேண்டிய கல்தூண்கள் இரண்டு. ஒன்று வெகுகாலத்துக்கு முன்பே பாரிஸுக்குக் குடிபோய்விட்டது. அதன் பீடத்தில் யார் இடம் பிடிக்கிறாரோ, அவர்தான் இனி தூண். ஊருக்கே தெரிந்த சட்டம் இது. விழுப்புரம் தணிகாசலத்துக்கு மட்டும் தெரியாமல் போயிற்று.

சுற்றுலா பஸ்ஸிலிருந்து இறங்கிய மனுஷன், மண்டை காய்கிறதே, கொஞ்சம் உட்காரலாம் என்று தோளில் கிடந்த துண்டை அந்தப் பீடத்தில் போட்டுவிட்டு மனைவி குஞ்சிதத்தைக் கூப்பிடப் போனார். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டே பழகிய கை அல்லவா! திரும்பி வந்ததும் காவலர்கள் இரண்டு பேர் சலாம் வைத்து அவரை மேலே தூக்கி நிறுத்தினார்கள்.

குஞ்சிதத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அடப்பாவி மனுஷா! மருமகன் எடுத்துக் குடுத்த புதுத்துண்டு. அதையா அழுக்குக் கல்லுல போட்டீங்க?"

"துண்டு போட்டாச்சும்மா. சார் இனி இறங்க முடியாது" என்றான் வழிகாட்டி மஹ்ரூஸ். தமிழ்க் கூட்டத்தோடு சுற்றிச் சுற்றியே தமிழ் பழகியவன்.

"ஞாயித்துக்கிழமை பொண்ணுக்கு வளைகாப்பு! அப்பன் இல்லாம சபையில எப்படிய்யா நிக்கிறது?" அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "என்னங்க, இறங்கி வாங்க!"

"இங்க நல்லா காத்து வருது, குஞ்சிதம்."

இடுப்பு வரை கல்லாகியிருந்தார். ரேஷன் கடை வரிசையில் ஐந்து நிமிஷம் நிற்கச் சொன்னால் எரிந்து விழுகிற ஆள், இங்கே சிரித்த முகமாக நிற்கிறார். அதைப் பார்த்துத்தான் குஞ்சிதம் ஆடிப்போனாள்.

மஹ்ரூஸ் தாடையைச் சொறிந்தான். ஆளுக்குப் பதில் ஆள் கொடுத்தனுப்புவதும் சட்டம்தான் என்று சொல்லி, மிச்சமிருந்த பழைய தூணைத் தட்டினான். அது இறங்கி வந்து பஸ்ஸில் ஏறி, நடுவழியில் நீட்டிப் படுத்துக்கொண்டது. அது நின்ற இடத்தில் ஒரு ஜெர்மன்காரர் அதற்குள் தன் தொப்பியைக் கழற்றி வைத்திருந்தார்.

பஸ் கிளம்பும்போது மகள் வெண்ணிலா போன் செய்தாள்.

"அப்பாகிட்ட குடும்மா."

குஞ்சிதம் போனை நடுவழியில் கிடந்த கல்லோடு ஒட்டி வைத்தாள்.

"சாப்டியாம்மா? ராத்திரி தூக்கம் வருதா?" என்று கேட்டது தூண்.

மறுமுனையில் வெண்ணிலா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"அப்பா இப்படியெல்லாம் கேட்டதே இல்லையேம்மா. தொண்டை வேற கட்டியிருக்கு போல. வெந்நீர் குடு."

குஞ்சிதம் பிளாஸ்க்கைத் திறந்தாள்.