மாப்பிள்ளை கேட்ட டவுன்லோடு

அந்த வீட்டு மாப்பிள்ளை வாயைத் திறந்து ஒன்று கேட்டால் மறுபேச்சே கிடையாது. மாமியார் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார். இன்றைக்கு அவர் கண் மருமகளின் கம்ப்யூட்டர் மேல் விழுந்தது.

மருமகள் எம்பிராய்டரி டிசைன் போடுகிறவள். சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து அவள் வரைந்து அனுப்புவதைத்தான் தையல் கடை மெஷின்கள் துணியில் தைக்கும். ஒரு கல்யாணப் பெண்ணின் உடைக்கான டிசைன் பாதியில் நிற்கிறது. சாயங்காலத்துக்குள் கடைக்குப் போயாக வேண்டும். அவள் காபி போட எழுந்து போன நேரம் பார்த்து மாப்பிள்ளை நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"வீடியோ எடிட் பண்ற சாஃப்ட்வேர்மா. கடையில வாங்குறவன் ஏமாளி. இங்க ஓசியிலயே கிடைக்குது."

காபியோடு திரும்பி வந்தவள் திரையைப் பார்த்தாள். ஊர் பேர் தெரியாத வெப்சைட். பக்கம் முழுக்கப் பச்சைப் பச்சையாக டவுன்லோடு பட்டன்கள். எது நிஜம் என்று அதைச் செய்தவனுக்கே தெரியாது. அடியில் ஒரு குறிப்பு: முதலில் ஆன்டிவைரஸை நிறுத்தவும். அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

"வேணாண்ணா. நாயைக் கட்டிப்போடு, நான் உள்ள வரணும்ங்கறான் இவன். அந்த சாஃப்ட்வேர் செய்யற கம்பெனியோட சொந்த சைட்லயே இலவசமா ஒண்ணு இருக்கும். அதை எடுத்துத் தர்றேன்."

"அதுல வீடியோ மேல கம்பெனி பேரு விழும்மா. அசிங்கமா இருக்கும்."

"மாப்பிள்ளை ஆசையாக் கேக்குறாரு, இவ என்னமோ சட்டம் பேசுறா!" என்றார் மாமியார். கணவன் செல்போனில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவனை நம்பிப் பயனில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"ஒண்ணும் ஆகாதும்மா, நான் கேரண்டி" என்றார் மாப்பிள்ளை.

"அப்ப உங்க லேப்டாப்ல இறக்கிக்குங்க. பையிலதானே இருக்கு?"

"அதெப்படி? அதுல என் ஆபீஸ் வேலை பூரா இருக்கே!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இதுல இருக்கறதும் ஆபீஸ் வேலைதாண்ணா."

அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, மவுஸைப் பிடுங்கி, அந்தப் பக்கத்தை மூடினாள்.

"எந்திரிங்க. எனக்கு நேரமாச்சு."